இரண்டு கிட், ஒரு மரப்பேனா: பாகங்களைக் கலந்து மைப்பேனா செய்தல் – ஒரு நிகழ்வு ஆய்வு

மரப்பேனா கிட் வாங்கினால் இரண்டு பித்தளைக் குழாய்கள், கழுத்து, நிப், மரைப் பாகங்கள், கிளிப் எல்லாம் ஒரே பொட்டலத்தில் வந்துவிடும். மரத்தைத் துளைத்து, குழாயை ஒட்டி, கடைந்து, பாகங்களை அழுத்திச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் ஒரே கிட்டில் எல்லாமே மனதுக்குப் பிடித்தபடி அமைவது அபூர்வம். ஒன்றில் கழுத்தும் நிப்பும் அருமையாக இருக்கும், கிளிப் மெல்லிய தகடாக இருக்கும். இன்னொன்றில் கிளிப்பும் கொண்டையும் கம்பீரமாக இருக்கும், ஆனால் அது ரோலர்பால் (உருளும் குண்டுமுனைப் பேனா) கிட்டாக இருக்கும். இரண்டிலும் உள்ள நல்லதை எடுத்து ஒரே பேனாவாக்கலாம். எதை எந்தக் கிட்டிலிருந்து எடுப்பது என்பதை மட்டும் அழகை வைத்து முடிவு செய்யக் கூடாது. மரையும் குழாயின் உள்விட்டமும் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். இங்கே விவரிக்கப்படும் பேனாவில் ஒரு உடல் வெடித்துப் போனது. அதற்குக் காரணமும் இந்த இடத்தில் காட்டிய அவசரம்தான்.

முதலில் பெயர்கள். நிப் உட்கார்ந்திருக்கும், விரல் பிடிக்கும் பாகம் கழுத்து. நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவருவது நாக்கு. உடல் குழாயின் வாயில் அழுத்திச் செருகப்படும் மரைப் பாகத்தை இங்கே நடுமரை என்போம். அதன் உள்மரையில் கழுத்து ஏறும், வெளிமரையில் மூடி ஏறும். மூடிக் குழாயின் வாய்க்குள் இருப்பது மூடிமரை, அதைச் சுற்றி வெளியே தெரிவது வாய்வளையம். மூடியின் உச்சியில் கிளிப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது கொண்டை. உடலின் கடைசியில் இருப்பது அடிக்குமிழ்.

கையில் இருந்தவை இரண்டு கிட்கள். முதலாவது ரோலர்பால்: கனமான கிளிப், வளைவான கொண்டை, அகன்ற வாய்வளையம், 12.0 மி.மீ. விட்டமுள்ள அடிக்குமிழ். இரண்டாவது மைப்பேனா: 6-ஆம் எண் நிப், நல்ல பிடிப்புள்ள கழுத்து, பொது அளவு கன்வர்ட்டர் (மையை உறிஞ்சி நிரப்பும் திருகுக் குழாய்), ஆனால் பார்க்கச் சாதாரணமான மூடி அலங்காரம். இரண்டுமே குரோம் பூச்சு. பூச்சின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். குரோமோடு குரோம் பெரும்பாலும் ஒத்துப்போகும். கறுப்புப் பூச்சுகளில்தான் ஏமாற்றம் வரும்: ஒன்று நீலம் கலந்த கறுப்பாக, மற்றொன்று பழுப்பு கலந்த கறுப்பாக இருந்து, பேனா முடிந்த பிறகுதான் கண்ணை உறுத்தும்.

மரை ஒரு சங்கிலி

யாருக்கும் முதலில் தோன்றுவது, ரோலர்பால் கிட்டை அப்படியே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் மாற்றலாம் என்பதுதான். ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசை என்றால் அது நடக்கும். அங்கே ரோலர்பாலுக்கும் மைப்பேனாவுக்கும் முன்பகுதி மட்டுமே வேறாக இருப்பதுண்டு. இங்கே இரண்டும் வேறு வேறு இடத்தில் செய்தவை. கழுத்தின் மரை வெளிவிட்டம் 8.8 மி.மீ.; முதல் கிட்டின் நடுமரையிலும் ஏறக்குறைய அதே அளவு. கழுத்தைத் திருகினால் ஒன்றரைச் சுற்று வழுவழுவென்று ஏறி, அப்புறம் நின்றுவிட்டது. மரை அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒன்றின் புரி இடைவெளி 0.75 மி.மீ., மற்றது 1.0 மி.மீ. விட்டம் ஒத்துப்போய், புரி ஒத்துப்போகாத இந்த நிலை மிகவும் ஆபத்தானது. முதல் ஒன்றரைச் சுற்றை நம்பி இறுக்கினால் பித்தளை மரை அழிந்து, நல்ல கழுத்தும் வீணாகும். எந்தக் கருவியும் இல்லாமல் விரலால் திருகி, கடைசிவரை ஒரே மாதிரி இலகுவாக ஏறினால் மட்டுமே அது பொருந்தும் மரை.

சரி, கழுத்தோடு அதன் நடுமரையையும் சேர்த்து எடுத்துக்கொண்டால்? அப்போது நடுமரையின் வெளிமரை முதல் கிட்டின் மூடிமரையோடு சேர வேண்டும். இவை பெரும்பாலும் பல தொடக்கப் புரி கொண்டவை. மூடி ஒரே சுற்றில் கழன்று வருவதற்காக அப்படி வெட்டுகிறார்கள். மரையின் வாயை நேராகப் பார்த்து, எத்தனை இடத்தில் புரி தொடங்குகிறது என்று எண்ணலாம். இரண்டாம் கிட்டில் மூன்று தொடக்கம், முதல் கிட்டில் இரண்டு. இவை ஒருபோதும் சேராது.

ஆகவே கழுத்து, நடுமரை, மூடிமரை மூன்றும் ஒரு சங்கிலி. ஒரு கண்ணியை எடுத்தால் மற்ற இரண்டையும் அதே கிட்டிலிருந்து எடுக்க வேண்டும். கொண்டை, கிளிப், வாய்வளையம், அடிக்குமிழ் ஆகியவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவற்றைப் பொருத்த மரை தேவையில்லை. குழாய்க்குள் இறுக்கமாக உட்கார்ந்தால் போதும். ஒரு பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் சரிசெய்துவிடலாம். இந்தப் பேனாவின் பங்கீடு அப்படித்தான் முடிவானது: எழுதும் சங்கிலியும் இரண்டு குழாய்களும் மைப்பேனா கிட்டிலிருந்து, வெளி அலங்காரம் ரோலர்பால் கிட்டிலிருந்து.

காலிப்பர் சொன்னது

காலிப்பரில் (விட்டம் அளக்கும் கருவி) பார்த்தால் உடல் குழாயின் வெளிவிட்டம் 10.3, உள்விட்டம் 9.6 மி.மீ.; அதற்கு 10.5 மி.மீ. துளை. மூடிக் குழாயின் வெளிவிட்டம் 12.3, உள்விட்டம் 11.6, துளை 12.5. இந்த அளவுகள் கையில் வந்த பிறகுதான் முதல் கிட்டின் அடிக்குமிழ் ஏன் கட்டாயம் தேவைப்பட்டது என்பது தெளிவாகும். மைப்பேனா கிட்டோடு வந்த அடிக்குமிழின் விட்டம் 10.9. துளையோ 10.5. அதாவது அந்த முனையில் மரத்தின் தடிமன் வெறும் 0.2 மி.மீ. அது மரம் என்பதைவிட மரத்தோல் என்றே சொல்ல வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போதே பித்தளை மின்னும். 12.0 மி.மீ. குமிழுக்கு 0.75 மி.மீ. மரம் நிற்கிறது. அடர்ந்த மரத்துக்கு ஏறத்தாழ 0.7 மி.மீ.க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

கொண்டையின் செருகுதண்டு 11.35 மி.மீ.; குழாய் 11.60. கால் மில்லிமீட்டர் தளர்வு. எபாக்சி பசையை மட்டும் ஊற்றி நிரப்பினால் கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் 0.1 மி.மீ. பித்தளைத் தகட்டை 36 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, தண்டைச் சுற்றி ஒரே சுற்று, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டிக்கொள்ளும்படி வைத்தபோது விட்டம் 11.55 ஆனது. மீதி 0.05 பசைக்கு. வாய்வளையத்தின் உள்விட்டம் 12.1, அதன் வழியே போகும் மூடிமரைத் தண்டு 11.62. அப்படியே விட்டால் வளையம் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் துருத்தும். உள்ளே 0.2 மி.மீ. தகடு ஒரு சுற்று வைத்ததும் நடுவுக்கு வந்துவிட்டது.

அடிக்குமிழின் தண்டு 9.72, குழாய் 9.60. இந்த எண் தாளில் எழுதப்பட்டது, ஆனால் அதன் பொருள் அப்போது கவனிக்கப்படவில்லை. பின்னால் அதற்கே திரும்ப வருவோம்.

மூடியின் ஆழம் தனிக் கதை. நடுமரையின் தோளிலிருந்து (மூடியின் வாய் வந்து முட்டும் விளிம்பு) நிப்பின் நுனி வரை 51.4 மி.மீ. மூடியின் வாயிலிருந்து அதனுடைய சொந்தக் கொண்டையின் அடிவரை ஆழம் 56.9. ரோலர்பால் கிட்டின் கொண்டைக்குத் தண்டு நீளம் அதிகம். அதை வைத்தால் ஆழம் 52.7 ஆகக் குறைகிறது. இடைவெளி 1.3 மி.மீ. தாளில் பார்த்தால் போதும் போலத் தோன்றும். ஆனால் மூடிமரை அரை மில்லிமீட்டர் ஆழமாக உட்கார்ந்தால், நிப் நாக்கோடு சற்று முன்னே நகர்ந்தால், மூடும்போது நுனி உலோகத்தில் இடிக்கும். ஒரே இடியில் நிப்பின் முனை வளைந்துபோகும். குறைந்தது 2 மி.மீ. இடைவெளி வேண்டும். கொண்டையின் தண்டில் 2 மி.மீ. ரம்பத்தால் அறுத்து, அரத்தால் சமன் செய்த பிறகு இடைவெளி 3.3. சோதிக்க எளிய வழி: பயனற்ற பழைய நிப்பைக் கழுத்தில் பொருத்தி, கொண்டையின் உட்புறம் சிறு களிமண் உருண்டை ஒட்டி மூடித் திறந்தால், களிமண்ணில் நுனியின் தடம் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும். புது நிப்பை வைத்துச் செய்யக் கூடாது. நிப்பின் நடுப்பிளவில் களிமண் ஏறினால் மை வராது.

பிளந்த குழாயில் ஒத்திகை

இறுக்கப் பொருத்தும் பாகத்தை ஒருமுறை செருகினால் சேதமில்லாமல் வெளியே எடுப்பது கடினம். ஆகவே ஒத்திகைக்கு ஒரு ஜோடி உபரிக் குழாய் தேவை. அதை நீளவாக்கில் ஒரே கோடாகச் சிறு ரம்பத்தால் அறுத்துப் பிசிறு நீக்கினால், குழாய் சற்று விரிந்து கொடுக்கும். பாகங்களைக் கையால் செருகலாம், கையால் எடுக்கலாம். வெளியே ஒரு ரப்பர் வளையம் போட்டால் முழுப் பேனாவும் பித்தளை எலும்புக்கூடாக நிற்கும். அந்த நிலையிலேயே மை நிரப்பி ஒரு பக்கம் எழுதிப் பார்த்து, மூடி இடிக்காமல் ஏறுகிறதா, கன்வர்ட்டரின் திருகு அடிக்குமிழின் தண்டில் முட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். இங்கே கன்வர்ட்டருக்குப் பின்னால் 4.5 மி.மீ. மிச்சம் இருந்தது. எழுதாத பேனாவுக்கு மரம் வெட்டுவதில் அர்த்தமில்லை.

இந்த ஒத்திகையில் இரண்டு விஷயம் தெரியாது: பிளந்த குழாய் விரிவதால் பொருத்தின் இறுக்கம் தெரியாது, காற்று புகுவதால் மூடிக்குள் நிப் காயுமா என்பதும் தெரியாது. இரண்டுமே பின்னால் தொந்தரவு கொடுத்தன.

மரம்

எடுத்தது ஈட்டி மரம். அடர்த்தியானது, மெல்லிய சுவரிலும் நிற்கும், ஆனால் எண்ணெய்ப்பசை உள்ளது. தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தரக்கூடியது என்பதால் தூசி முகமூடி கட்டாயம். ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இனங்கள் 2017 முதல் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் உள்ளன. மரத்தை எல்லை தாண்டி அனுப்புபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

20 மி.மீ. சதுரக் கட்டை, குழாயைவிட 12 மி.மீ. நீளமாக வெட்டியது. இவ்வளவு கூடுதல் எதற்கு என்றால், டிரில் பிட் மறுபக்கம் வெளியேறும் இடத்தில் மரம் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் மறுபக்கம் வரை துளைக்காமல் நிறுத்தி, அந்த முனையை அறுத்து எடுத்தால் துளை சுத்தமாகத் திறக்கும். துளையிடும் வேகம் நிமிடத்துக்கு 600 சுற்று, 5 மி.மீ.க்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்ட வேண்டும். தூள் அடைத்தால் சூடேறும். அந்தச் சூட்டில் மரத்தின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அது பூச்சு போட்ட பிறகுதான் வெளியே வரும். துளையிட்ட கட்டை உடனே ஒட்டப்படாமல், சூடு ஆற ஒருநாள் கிடந்தது நல்லதாயிற்று.

குழாயின் வெளிப்புறத்தை 150-ஆம் எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, வாய்களை மெழுகால் அடைத்து, துளையின் உட்புறத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் மெதுவாக இறுகும் எபாக்சியால் ஒட்ட வேண்டும். குழாயைச் சுழற்றிக்கொண்டே செருகினால் பசை எல்லாப் பக்கமும் பரவும். சயனோஅக்ரிலேட் பசை வேகமானதுதான், ஆனால் குழாய் பாதி வழியில் இருக்கும்போதே பிடித்துக்கொண்டால் கட்டையைத் தூக்கி எறிய வேண்டியதுதான். 24 மணி நேரம் கழித்து மெழுகைச் சுரண்டி, முனைகளைச் சமன்செய்யும் வெட்டியால், பித்தளை வளையம் முழுதாக மின்னும் வரை மட்டும் சீவ வேண்டும். அதற்கு மேல் சீவினால் குழாய் குட்டையாகும், மேலே பாடுபட்டு எடுத்த 3.3 மி.மீ. இடைவெளியும் அதோடு போகும்.

கடையும்போது இரண்டு கிட் கலந்ததால் எந்தப் புஷ்ஷும் (கட்டையின் முனையில் வைக்கும் அளவு வளையம்) சரியான அளவு காட்டாது. மைப்பேனா கிட்டின் புஷ்கள் கட்டையைத் தாங்க மட்டுமே, அளவுக்குக் காலிப்பர்தான். பூச்சு விட்டத்தில் ஏறத்தாழ 0.15 மி.மீ. கூட்டும் என்று கணக்கிட்டு, அடிமுனை 11.85, நடுமரைப் பக்கம் (பாகம் 12.4) 12.25, கிளிப் பக்கம் (பாகம் 14.0) 13.85 என்று கடையப்பட்டது. வாய்வளையத்தின் வெளிவிட்டம் 15.2 மி.மீ.; அங்கே மரத்தை வேண்டுமென்றே 14.8-இல் நிறுத்தி, வளையம் ஒரு விளிம்பு போலத் தனித்துத் தெரியும்படி விடப்பட்டது. மாண்ட்ரலின் (கட்டையைக் கோத்துச் சுழற்றும் தண்டு) நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு வில்லாக வளைந்து கட்டை நீள்வட்டமாகக் கடையும். விரலால் இறுக்கிக் கால் சுற்று சேர்த்தால் போதும்.

வெடித்த உடல்

முதல் உடல் கடைந்து, பூச்சு போட்டு, பளபளப்பாக்கி, அடிக்குமிழ் இடுக்கியில் அழுத்திச் செருகப்பட்டது. சற்று அதிக விசை கேட்டது, அவ்வளவுதான். சத்தம் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் அடிமுனையிலிருந்து மர இழையோடு 8 மி.மீ. நீளத்துக்கு, பூச்சுக்கு அடியில் தலைமுடி போல ஒரு வெள்ளைக் கோடு.

கணக்கு எளிது. தண்டு 9.72, குழாய் 9.60. விட்டத்தில் 0.12 கூடினால் சுற்றளவில் 0.38 மி.மீ. கூடும். 0.35 மி.மீ. தடிமனுள்ள பித்தளை அதற்கு ஏற்ப விரிந்துகொடுக்கும். மேலே ஒட்டியிருக்கும் முக்கால் மில்லிமீட்டர் மரம் இழைக்குக் குறுக்காக அவ்வளவு விரியாது. செருகிய அன்று தாங்கிய மரம், காற்றின் ஈரம் குறைந்து தானும் கொஞ்சம் சுருங்கியபோது விட்டுக்கொடுத்தது. வழக்கமான இறுக்கப் பொருத்துக்கு 0.02 முதல் 0.05 மி.மீ. வரை போதும். ஒரே கிட்டின் பாகங்களைச் செருகும்போது இதைத் தயாரிப்பாளரே கவனித்துக்கொள்வதால் யாரும் யோசிப்பதில்லை. கலக்கும்போது அந்தப் பொறுப்பு செய்பவரிடம் வந்துவிடுகிறது.

விரிசலில் நீர்த்த சயனோஅக்ரிலேட் விட்டு மூடலாமே என்று தோன்றும். கோடு மறையும், உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும். அதே இடத்தில் திரும்பத் திறக்கும். உடல் கைவிடப்பட்டது. அடிக்குமிழை உள்ளிருந்து தண்டு வைத்துத் தட்டி எடுத்து, லேத்தில் பிடித்து, அதன் செருகுதண்டை 400-ஆம் எண் தாளால் 9.63-க்குக் குறைத்த பிறகே இரண்டாவது கட்டை துளையிடப்பட்டது. தண்டு உள்ளே மறைந்துவிடுவதால் பூச்சு போவதில் கவலை இல்லை. குழாயின் வாய் உள்விளிம்பைச் சிறிது சரித்துவிட்டு, உள்ளே ஒட்டியிருந்த எபாக்சியைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்ததும் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் இருக்கும் பசைத் துணுக்கு பாகத்தைச் சாய்த்துத் தள்ளி, அளவு சரியாக இருந்தும் மரத்தைப் பிளக்கும்.

பூச்சு

240, 320, 400, 600 எனத் தாள்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு லேத்தை நிறுத்தி இழையோடு நீளவாக்கில் தேய்த்தால் வளையக் கீறல் போகும். ஈட்டியின் தூளை ஆல்கஹாலால் துடைத்தால் சிவப்புச் சாயம் கசிந்து பரவும், ஆகவே உலர்ந்த துணி. சயனோஅக்ரிலேட் பூச்சு: நீர்த்ததில் இரண்டு படலம், நடுத்தரக் கெட்டியில் எட்டு. பசையை உடனே இறுகச் செய்யும் வேகமூட்டித் தெளிப்பானை அருகில் பிடித்து அடித்தால் படலம் கொதித்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு முழம் தள்ளி ஒரே தெளிப்பு. பிறகு 1500 முதல் 12000 வரை மைக்ரோமெஷ் என்ற நுண்தேய்ப்புத் துணியை நீரோடு தேய்க்குமுன், மர முனைகளை நீர்த்த பசையால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் முனைவழியே ஏறி, பூச்சு ஓரத்தில் மேகம் போல வெளுக்கும்.

நிப்பும் மூடியும்

கிட் நிப்பில் ‘இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி’ என்று பொறித்திருந்தாலும், அதை வைத்து நிப் எங்கே செய்தது என்று முடிவு செய்ய முடியாது. தேவைப்பட்டால் போக், ஜோவோ போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் 6-ஆம் எண் நிப்பை மாற்றிப் போடலாம். நாக்கின் வளைவோடு நிப்பின் வளைவு ஒட்டி உட்காருகிறதா என்பதே கேள்வி. இங்கே கிட் நிப்பே போதுமானதாக இருந்தது. நிப்பையும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து நேராக உருவி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் கழுவியதில், எழுதத் தொடங்கும்போது மை வராமல் நின்ற குறை பாதி போயிற்று. அது தயாரிப்பு எண்ணெயின் வேலை. மீதிப் பாதி பிளவில் இருந்தது. 10 மடங்கு லென்சில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பிளவு மூச்சுத்துளையிலிருந்து (பிளவு தொடங்கும் சிறு துளை) நுனிவரை மெல்லிதாகிக்கொண்டே வர வேண்டும். இதில் நுனிக்கு முன்பே ஒளி மறைந்தது. 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டைப் பிளவில் நான்கு முறை மேலும் கீழும் இழுத்ததும் ஒரு இழை ஒளி நுனிவரை வந்தது.

முழுப் பேனாவும் கூடியபின் மூடி சோதனை. நிப்பை மேலாக வைத்து ஒரு இரவு, படுக்கவைத்து மூன்று நாள். மூன்றாம் நாள் முதல் இரண்டு எழுத்துக்கு மை வரவில்லை. மூடியின் வாயில் உதட்டை வைத்து ஊதினால், கிளிப் மூடியைச் சந்திக்கும் இடத்தில் காற்று கன்னத்தில் பட்டது. கிளிப்பின் வளையம் குழாய்க்கும் கொண்டைக்கும் நடுவில் உட்காருகிறது. தகடு சுற்றிய தண்டின் முட்டுக்கோடு அதே பக்கம் வந்து காற்றுக்கு வழி விட்டிருந்தது. கொண்டையைத் தட்டி எடுத்து, முட்டுக்கோட்டைக் கிளிப்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, தண்டு முழுவதும் எபாக்சி தடவி மறுபடி செருகியபின் ஊதினால் காற்று வரவில்லை. ஏழு நாள் படுத்திருந்து எடுத்தபோது முதல் கோடே முழுக் கறுப்பாக விழுந்தது.

ஒன்று மட்டும் தீரவில்லை. இந்தப் பேனாவின் மூடியைப் பின்னால் மாட்டி எழுத முடியாது. மைப்பேனா கிட்டின் சொந்த அடிக்குமிழில் மூடிமரை ஏறுவதற்கான புரி இருந்தது. ரோலர்பால் கிட்டின் குமிழில் இல்லை. மூடியைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் எழுத வேண்டும்.